குறுக்கே ஒரு சுவர்

எங்கள் வீட்டு பெட்ரூம் இருபது அடி நீளம், பதினோரு அடி அகலம். முதல் முறை பார்ப்பவர்கள், "பந்தி எந்தப் பக்கம் ஸார் போடுவீங்க?" என்று கேட்பார்கள்.

அப்பா 1989-ல் குரோம்பேட்டையில் இந்த வீட்டைக் கட்டியபோது கையில் இருந்த பணத்துக்கு ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு பெட்ரூம்தான் கட்டுப்படியாயிற்று. "ஒண்ணே ஒண்ணுன்னாலும் பெரிசா இருக்கட்டும். எல்லாரும் ஒண்ணாப் படுத்துக்கலாம்" என்றாராம். அப்போது 'எல்லாரும்' என்றால் அப்பா, அம்மா, நடை பழகிக் கொண்டிருந்த நான். மூன்று பேருக்கு 220 சதுர அடி!

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா போய்விட்டாள். அப்பாவைத் தனியே விட முடியாதென்று பல்லாவரம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நான், மனைவி, இரண்டு குழந்தைகள் எல்லோரும் இங்கே வந்து சேர்ந்தோம். சாமான் இறங்கிய அன்றே அப்பா தன் தலையணையை எடுத்துக் கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார்.

"குழந்தைங்க இருக்கு, நீங்க உள்ள படுத்துக்குங்க. எனக்கு ஹால்தான் காத்தோட்டமா இருக்கு."

நாங்களும் நம்பிவிட்டோம். நமக்கு வசதியான பொய்யை நம்புவதில் நமக்கு என்ன கஷ்டம்?

போன தை மாதம் ஒரு நாள் சைக்கிள் பம்ப்பைத் தேடி ஹால் கதவுக்குப் பின்னால் கையை விட்டேன். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை. உள்ளே இரண்டு வேட்டி, பி.பி. மாத்திரை, கண்ணாடிக் கூடு, பாங்க் பாஸ்புக், ஒரு துண்டில் சுற்றி வைத்த அம்மாவின் சட்டம் போட்ட படம்.

வீட்டைக் கட்டிய மனிதர், எழுபத்தோரு வயது, தன் சொந்த வீட்டில் ஒரு பைக்குள் குடித்தனம் நடத்திக் கொண்டிருக்கிறார். ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி!

அன்றைக்கு முடிவு செய்தேன். பெட்ரூமை இரண்டாகப் பிரிக்க வேண்டியது. ஒரு சுவர்தானே? என்ன பெரிய செலவு?

நான் பி.காம். நாலு கடைக்குக் கணக்கு எழுதித்தான் பிழைக்கிறேன் (இந்தப் பக்கம் எழுதுவது பிழைப்பு அல்ல என்பது அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்களுக்குத் தெரியும்). பதினோரு அடி அகலம், பத்து அடி உயரம். 110 சதுர அடிச் சுவர். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் போதும் என்று கணக்கை ஆரம்பித்தேன். இன்றைய தேதியில் அது ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதலில் மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டினார். தரையைத் தட்டினார். கடைசியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார், தட்டினால் எவ்வளவு விழும் என்பது போல.

"நாலரை இஞ்ச் செங்கல் சுவர் ஸார். அறுநூறு கல்லு, கல்லு பன்னெண்டு ரூபா. எட்டு மூட்டை சிமென்ட்டு, மூட்டை நானூறு. எம்-சாண்ட் ரெண்டாயிரத்து எட்நூறு. எனக்குக் கூலி ஆயிரத்து முந்நூறு, சித்தாளு ரெண்டு பேருக்கு ஆளுக்கு தொள்ளாயிரம். நாலு நாள் வேலை."

"சிமென்ட்டுக்கு வரி 28 பர்சென்ட்டிலிருந்து 18 ஆகிவிட்டதே, 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து?" என்று என் படிப்பைக் காட்டினேன்.

"ஆச்சு ஸார். ஆனா அரிசிக்கடையில எனக்கு யாரும் குறைக்கலையே?"

பி.காமில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

"அப்புறம், டைல்ஸ் மேலயே சுவரை நிறுத்த முடியாது. தரையை உடைச்சு அடியில கான்கிரீட் பெல்ட்டு போடணும். அது நாலாயிரத்து ஐந்நூறு."

கூட்டிப் பார்த்தேன். முப்பதாயிரத்து நூறு ரூபாய். அந்த நூறு ரூபாய் எதற்கு என்றால், முப்பதாயிரம் என்று ரவுண்டாகச் சொன்னால் நான் பேரம் பேசுவேனாம்!

இதற்கு நடுவில் என் சிவில் இன்ஜினீயர் நண்பன் வந்து சேர்ந்தான். "பூச்சோட சேர்த்து அந்தச் சுவர் என்ன வெயிட் வரும் தெரியுமா? சுமாரா ரெண்டே முக்கால் டன்" என்றான். வளர்ந்த பெண் யானை ஒன்றின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெட்ரூம் நடுவில் யானையைக் கட்டிப் போட 30,100 ரூபாய் என்றால் மலிவுதான் என்று தோன்றியது.

"உன்னுது கிரவுண்ட் ஃப்ளோர், பிழைச்சே. மாடியா இருந்தா சுவருக்கு நேர் கீழே பீம் இருக்கான்னு பார்க்கணும். பீம் இல்லாத தளத்துல செங்கல் சுவரை ஏத்தக் கூடாது."

மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இதைப் படித்துக் கொண்டிருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் பேனாவால் அடிக்கோடு போட்டுக் கொள்ளவும். உங்கள் யானை, கீழ் வீட்டுக்காரரின் கட்டில் மேல் நிற்கிறது.

யானை வேண்டாம் என்றால் வேறு என்ன? ஹாலோ பிளாக் மாதிரி தோன்றினாலும் உள்ளே நுரைத்த ரொட்டி போல இருக்கும் ஏ.ஏ.சி. கல் இருக்கிறது. அதே சுவர் பூச்சோடு ஒரு டன் சுமாருக்கு வரும். ஆசாரி வந்து பிளைவுட் தடுப்புக்குச் சதுர அடி முந்நூற்றைம்பது கேட்டார். 38,500 ரூபாய். "தேக்கு ஃபினிஷ் வரும் ஸார்" என்றார். அப்பாவுக்கு அறை கட்டுகிறேனா, நகைக்கடை கட்டுகிறேனா?

கடைசியில் ஜிப்சம் போர்டு இளைஞன் வந்தான். ஜி.ஐ. தகட்டில் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் அரை இஞ்ச் பலகை. சதுர அடி 130. மொத்தம் 14,300. எடை கால் டன் சொச்சம். தரையை உடைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், இரண்டே நாளில் சுவர்! செங்கல் சுவர் என்றால் பூசி, ஏழு நாள் தண்ணீர் காட்டி, காய்ந்து, பிறகுதான் பெயிண்ட். அதுவரை ஐந்து பேரும் ஹாலில்.

மேஸ்திரியிடமிருந்து 15,800 ரூபாய் மிச்சம். நான் பேனாவை மூடினேன். காரியம் முடிந்தது.

"எல்லாம் சரி, அந்த ஜன்னலை என்னங்க பண்றது?" என்றாள் மனைவி.

அப்போதுதான் பார்த்தேன். இருபது அடி கிழக்குச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். நாலடி அகலம். சரியாக நட்ட நடுவில். நான் காலண்டர் தாளில் போட்ட கோடு அந்த ஜன்னலின் வயிற்றில் போய் முட்டிக் கொண்டு நின்றது!

"ஆளுக்கு ஒரு கதவா பிரிச்சுக்கலாம் ஸார்" என்றான் ஜிப்சம் இளைஞன். சொத்துப் பிரிப்பதில் நல்ல அனுபவம் இருக்கும் போலிருக்கிறது.

ஜன்னலைத் தாண்டிச் சுவரை நகர்த்தினால் பன்னிரண்டு அடியும் எட்டடியுமாகப் பிரியும். எட்டடிப் பக்கம் அப்பாவுக்கு. சுவரின் கனம் போக உள்ளே 85 சதுர அடி. இது ஒரு மனிதனுக்குப் போதுமா என்று நண்பனிடம் கேட்டேன். தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016 என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் இரண்டு வசிக்கும் அறைகள் இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது என்கிறது. ஏழரை என்றால் நம் கணக்கில் சுமார் 81 சதுர அடி. குறைந்தபட்ச அகலம் 2.1 மீட்டர், அதாவது ஏழடிக்குக் கொஞ்சம் கீழே. 81-க்கு 85. கல்லூரியில் நான் ஆடிட்டிங் பேப்பரில் பாஸானதும் இதே ரகம்தான்.

ஆனால் அந்த எட்டடியில் ஜன்னல் இல்லை. ஜன்னல் இல்லாத அறைக்குத் தமிழில் ஸ்டோர் ரூம் என்று பெயர். அப்பா ஒரு பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து ரிட்டயரானவர். வீட்டிலுமா?

மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிட்டேன். "ரெண்டுக்கு ரெண்டு ஒரு ஓட்டை போட்ரலாம் ஸார், காத்து வரும்" என்றார். புழுக்கமான ஊர்களில் அறையின் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும் என்பது விதி. 85-ல் ஆறில் ஒரு பங்கு பதினாலே சொச்சம். அப்படியானால் நாலுக்கு நாலு. சென்னை புழுக்கமான ஊரா என்று யாரும் வழக்காட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஜன்னலுக்குச் சுவரை வெட்ட வேண்டும். ஹாலிலிருந்து அப்பா நுழைய ஒரு கதவு, அதற்கும் வெட்ட வேண்டும். இங்கேதான் நண்பன் என் சட்டையைப் பிடித்தான். "இது தூண் வெச்ச வீடு இல்லடா. 1989 கட்டடம், ஒன்பது இஞ்ச் சுவர்தான் தளத்தையே தாங்குது. முட்டு கொடுக்காம, மேலே லிண்டல் போடாம சுத்தியலை எடுத்தே... தளம் கீழே வந்து ஏன்னு கேக்கும்." லிண்டலின் இரண்டு முனையும் பக்கத்துச் சுவரில் ஆறு இஞ்ச்சாவது உட்கார வேண்டுமாம்.

அடுத்தது ஃபேன். இருபதடி அறையின் நடுவில், பத்தாவது அடியில், ஒரே ஃபேன். புதுச் சுவரோ பன்னிரண்டாவது அடியில். நடுவே இரண்டடி. 48 இஞ்ச் ஃபேனின் ரெக்கை நடுவிலிருந்து எவ்வளவு தூரம் சுற்றும்? சரியாக இரண்டடி! சுவரை வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டால், சுவரை மறுபடி எடுக்கும் வேலையை ஃபேனே பார்த்துக் கொள்ளும். ஆகவே ஃபேனை நகர்த்து. அப்பாவுக்குப் புது ஃபேன், புது லைட், புது ஸ்விட்ச் போர்டு, ராத்திரி பாத்ரூம் போக ஒரு சின்ன விளக்கு.

இனி கணக்கு. எங்கள் பேட்டையில் இந்த வருஷம் எனக்குச் சொன்ன ரேட் இது. உங்கள் பேட்டையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

ஜிப்சம் சுவர் - 14,300.
கதவு (வெட்டு, லிண்டல், நிலை, கதவு, கூலி) - 24,000.
ஜன்னல் (வெட்டு, லிண்டல், கிரில் உள்பட) - 19,500.
வயரிங், ஃபேன், விளக்கு - 11,200.
பட்டி, பெயிண்ட் - 16,000.
இடிசல் அள்ள - 3,500.
ஆகக் கூடுதல் - 88,500.

எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவிகிதம் சேர்த்தால் 97,350. (வீட்டு வேலையில் எதிர்பாராத செலவு என்று ஒன்று கிடையாது. நாம் எதிர்பார்க்க மறுத்த செலவுதான் உண்டு.) இதில் கடைச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. அடக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோமே என்று யாரும் தள்ளுபடி தருவதில்லை.

பாங்கில் ரிப்பேர் லோன் போட்டால் வரியில் கழியுமே என்று நினைக்கும் ஆபீஸ் நண்பர்களுக்கு: பழைய வரி முறையில் இருந்தால், சொந்தக் குடியிருப்பின் ரிப்பேர் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாம். புது முறைக்கு மாறிவிட்டவர்களுக்கு அதுவும் இல்லை. மாறியவர்களில் நானும் ஒருவன். யோசனை சொன்னவனும் நானே.

கவனித்தீர்களா? பிரிக்கிற சுவருக்கு ஆன செலவு மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் கதவுக்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும். பிரிப்பது மலிவு ஸார். பிரித்த பிறகு அந்தப் பக்கம் இருப்பவர் மனிதராக இருக்க வேண்டுமே, அதற்குத்தான் மிச்சப் பணம் எல்லாம். ஜன்னல் எதற்கு, கதவுக்குப் பதில் திரை போதாதா என்று மிச்சம் பிடித்துக் கொண்டே போனால், கடைசியில் அந்தப் பையைத்தான் கொஞ்சம் பெரிதாகக் கட்டியிருப்போம்.

இத்தனை நாளும் அப்பா வாயைத் திறக்கவில்லை. "எனக்கெதுக்குப்பா ரூமு? வீண் செலவு" என்று முதல் நாள் சொன்னதோடு சரி. ஜிப்சம் இளைஞன் அளவெடுக்க வந்த அன்று மட்டும் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இந்தச் சுவர்ல ஆணி அடிக்க முடியுமா?"

"லேசான சாமான்னா மாட்டலாம் பெரியவரே. வெயிட்டா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. அந்த இடத்துல உள்ளே பிளைவுட் துண்டு வெச்சு மூடிடுவேன்."

அப்பா எதுவும் சொல்லாமல் கையால் அளவு காட்டினார். ஒன்றரைக்கு ஒன்று. என்ன படம் என்று அவனுக்குத் தெரியாது. கட்டிலில் படுத்தால் நேரே தெரிகிற உயரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொண்டான். அந்த பிளைவுட் துண்டுக்கு அவன் காசு வாங்கவில்லை. அந்தக் கணக்கை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

போகும்போது என்னிடம் ஒரு விஷயம் சொன்னான். "ஸார், உள்ளே காலியா இருக்கிறதால இந்தப் பக்கம் பேசினா அந்தப் பக்கம் கேக்கும். ராக் வூல்னு பஞ்சு இருக்கு. நடுவுல அடைச்சுட்டா சத்தம் அடங்கிடும். சதுர அடிக்கு முப்பத்தஞ்சு ரூபா, மொத்தம் 3,850."

இது நியாயமான செலவாகத் தெரிந்தது. கணவன் மனைவி சண்டை போடக்கூட ஒரு சுதந்திரம் வேண்டாமா? சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாங்க" என்றாள் மனைவி.

"ஏன்? மூவாயிரத்து எண்ணூறுதானே?"

"காசுக்கில்ல. ராத்திரி மாமா ரெண்டு தடவை இருமுவாங்க. ஒரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் திரும்பத் தூக்கம் வரும். கேக்கலேன்னா நான் எழுந்து போய்ப் பார்க்கணும்."

பத்து வருஷமாகப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறேன். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. நான் கும்பகர்ணன் ரகம்.

பஞ்சு வைக்கவில்லை.

பங்குனியில் வேலை முடிந்தது. பட்ஜெட் 97,350. ஆனது 1,03,000. அந்த ஐயாயிரத்துச் சொச்சம் எங்கே போயிற்று என்று நோட்டை நாலு தடவை கூட்டியும் பிடிபடவில்லை. முதல் நாள் ராத்திரி, குழந்தைகள் தூங்கின பிறகு, மனைவியிடம் மிகமிக ரகசியமாகச் சொன்னேன்.

"லட்சத்தைத் தாண்டிடுச்சு. ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் வேற வருது. என்ன பண்றதுன்னு தெரியலை."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல். அதைத் தொடர்ந்து அப்பாவின் குரல், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் மாதிரி தெளிவாக:

"டேய், மேஸ்திரிக்கு டீ, வடை வாங்கிக் கொடுத்தியே, அதை எழுதினியா?"

எழுதவில்லை. முப்பத்திரண்டு வருஷ ஸ்டோர்ஸ் அனுபவம்!

"பாஸ்புக்கு பீரோவுல மேல் தட்டுல இருக்கு. காலையில எடுத்துக்கோ. இப்ப தூங்கு."

மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக் கொண்டு சிரித்தாள். "பஞ்சு வெச்சிருக்கலாமோ?"

எனக்கு வேறொன்று தோன்றிக் கொண்டிருந்தது. பாஸ்புக் பையில் இருக்கிறது என்று அப்பா சொல்லவில்லை. பீரோவில் என்றார்.